கலியமூர்த்திக்குப் பிடித்த நாவல்

நான் நர்ஸ். சீழும் ரத்தமும் வாந்தியும் எனக்குப் பழகிப்போன சமாச்சாரம். வார்டில் டிரெஸ்ஸிங் முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அதே மேஜை ஓரத்தில் உட்கார்ந்து சம்சா தின்றவள். அப்படிப்பட்ட எனக்குக் குமட்டல் என்றால் என்னவென்று காட்டியவர், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கீழ்த்தளத்தில் குடியிருந்த கலியமூர்த்தி சார்.

சாரைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று என் கணவர் லூர்துராஜே சொல்வார். "கடிக்கத் தெரியாதுதான், நக்கத் தெரியும்" என்று நான் சொன்னால், "ஒனக்கு நாக்குல சனி" என்று எழுந்து போய்விடுவார். லூர்துராஜ் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லாரும் நல்லவர்கள்.

கலியமூர்த்தி சாரின் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பும் முடித்து, அறுபதுகளின் கடைசியில் டெல்லிக்கு ரயிலேறி, ஒரு அமைச்சகத்தில் கீழ்நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கோல் மார்க்கெட்டில் அரசுக் குவார்ட்டர்ஸ். படிப்படியாக ஏறி, அலுவலகத்துக்கு மேஜை நாற்காலி முதல் மின்விசிறி வரை வாங்கும் கொள்முதல் பிரிவில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றார். அங்கே அவர் கற்ற வித்தை ஒன்று உண்டு. அதை அவரே எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

"மேலதிகாரி ஒரு கடையில நாற்காலி பாத்து வச்சிருப்பாருங்க. அந்தக் கடைக்கே ஆர்டர் போகணும். ஆனா டெண்டர் எல்லாருக்கும் பொதுவுல்ல? நான் போய் அந்த நாற்காலியப் பாப்பேன். கைப்பிடி எவ்வளவு வளைவு, முதுகுல எத்தன பட்டை, பிரம்பு எந்தப் பின்னல். அப்படியே டெண்டர்ல எழுதிருவேன். ஊரே வந்து கலந்துக்கலாம். ஆனா அந்த நாற்காலி அந்தக் கடையிலதான் இருக்கும்."

"ஒங்களுக்கு அதுல என்ன கெடைக்கும் சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே! ஒரு பைசா தொட்டதில்ல" என்று காதைத் தொட்டுக்கொண்டார்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். இவர் குடுமி சும்மாவேதான் ஆடியது. என்னால் தாங்க முடியாதது அதுதான். லஞ்சம் வாங்குகிறவனையாவது புரிந்துகொள்ளலாம். அவனுக்கு வீட்டில் கல்யாணச் செலவோ கள்ளுச் செலவோ இருக்கும். எதுவுமே வாங்காமல் ஒருவர் காலில் விழுந்து கிடப்பவரை எந்த வார்டில் சேர்ப்பது?

அந்த மேலதிகாரியின் பெயர் பத்மநாபன். இணைச் செயலாளராக இருந்தவர். அவரும் ஓய்வு பெற்று எங்களுக்கு எதிர் சொசைட்டியில் பெரிய ஃபிளாட்டில் குடியேறினார். இவரும் ஓய்வு, அவரும் ஓய்வு. இனி பதவி உயர்வு எமலோகத்தில்தான். ஆனாலும் பழைய குருடி கதவைத் திறடி என்று கலியமூர்த்தி சார் அவர் வீட்டு வாசலில் நின்றார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பஸ் மாறிப் போய்க் கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வந்தால், நல்ல காயெல்லாம் முதலில் மேடம் வீட்டுக்குப் போகும். பத்மநாபனின் மனைவியை எல்லாரும் மேடம் என்றுதான் சொல்வோம். அந்த அம்மாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முருங்கைக்காயோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கலியமூர்த்தி சாரின் மனைவி தமிழ்செல்வி அக்கா. மன்னார்குடிக்காரர். அவருடைய அப்பா ஊரில் ஒரு படிப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். பிள்ளைகள் மிட்டாய்க்கு அழும் வயதில் இவர் படிப்பகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நாவல் படித்தாராம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபின் தமிழ்ப் புத்தகம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியில் புடவையைக் குறைத்துப் புத்தகத்தை அடைத்து வருவார். ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருக்கும் பழைய வார இதழ்க் கட்டைப் பிரிக்கச் சொல்லி, தொடர்கதைப் பக்கங்களாகப் பொறுக்குவார். விட்டுப்போன அத்தியாயம் எந்தக் கட்டில் வருமோ என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். எல்லாம் சேர்ந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய திரைச்சீலைத் துணியில் அட்டை போடுவார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் தன் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைப்பார்.

வீட்டில் அதையெல்லாம் பற்றிப் பேச ஆள் கிடையாது. மகன் கௌதமன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. புருஷனுக்கு ஃபைல் தவிர வேறெதுவும் படிக்கப் பிடிக்காது. அதனால் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். நான் நைட் டூட்டி முடித்துக் கண் செருகிக்கொண்டு படியேறும்போது, "டெல்பின், அந்தக் கதையில அவ வீட்ட விட்டுப் போனது சரிதானா சொல்லு?" என்று நிறுத்துவார். கோபம் வரும். ஆனாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

ஒரு தடவை மேடம் வீட்டுக்கு ஊசி போடப் போனேன். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் தமிழ்ப் புத்தகங்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி அங்கேயே புரட்டினேன். முதல் பக்கம் இல்லை. தையலோரத்தில் கிழித்த பிசிறு மட்டும் இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இல்லை. பச்சைத் திரைச்சீலை அட்டை போட்ட தொடர்கதையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் திரைச்சீலை எங்கள் கீழ்வீட்டு ஜன்னலில் தொங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"கலியமூர்த்தி தீபாவளிக்குத் தீபாவளி கொண்டுவந்து தருவார். ஊர்லேர்ந்து எனக்காக வரவழைப்பாராம். பாவம், நல்ல மனுஷன்" என்றார் மேடம். கையில் ஊசி இருந்தது. நல்லவேளை, சரியான இடத்தில்தான் போட்டேன்.

அக்காவிடம் வந்து குதித்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "தெரியும் டெல்பின். முறுக்கு டப்பாவோட அதுவும் போகும். நான் படிச்சு முடிச்சதுதானே" என்றார். முடித்த புத்தகம் என்றால் திருப்பிப் படிக்கக் கூடாதா? பெயரைக் கிழித்தெறிய வேண்டுமா? எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தியது யமுனைக்கரை வாசகர் வட்டம். பத்மநாபன் தலைவர், கலியமூர்த்தி சார் செயலாளர். மாதம் ஒரு ஞாயிறு சொசைட்டி ஹாலில் கூடுவோம். 2003-ல் பத்மநாபனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆண்டு முழுக்க ஒரு வாசிப்புப் போட்டி. மாதத்துக்கு ஒரு தலைப்பு. தலைப்புக்குப் பொருந்தும் புத்தகம் ஒன்றைப் படித்து, கூட்டத்தில் வந்து பேச வேண்டும். பன்னிரண்டு தலைப்பையும் முடித்தவருக்கு ஒரு கேடயம். "ஜெயிச்சவங்க அடுத்த வருஷத் தலைப்பெல்லாம் கொடுக்கட்டும் சார்" என்று நான் ஒரு வார்த்தை போட்டேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் வருஷத் தலைப்புகளைச் செயலாளர் தருவது என்று முடிவானது.

அன்று மாலை மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். "எனக்குக் கேடயம்லாம் வேணாம் டெல்பின். ஒரே ஒரு வருஷம் நான் தலைப்புக் கொடுக்கணும்" என்றார். அதற்குள்ளேயே யோசித்து வைத்திருந்தார். அடுப்படியில் நின்றுகொண்டே படித்து முடித்த புத்தகம். பாதியில் விட்டதற்காக வெட்கப்படாத புத்தகம். அடுத்தவர் வீட்டில் திருடியாவது படிக்க நினைத்த புத்தகம். கேட்கக் கேட்க எனக்கே கை பரபரத்தது. முப்பது வருஷமாக வாய் மூடிப் படித்த பெண்பிள்ளை, ஒரு வருஷம் ஊரையே தன் இஷ்டத்துக்குப் படிக்க வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். அதிகமான ஆசையா?

கலியமூர்த்தி சார் மேடம் வீட்டுக்குப் போய், அலமாரியைத் துடைத்துத் தருகிறேன் என்று அதன் முன்னால் உட்கார்ந்தார். பழைய டெண்டர் வித்தை. அடுத்த கூட்டத்தில் தலைப்புகளை வாசித்தார். இரண்டு பாகமாக வந்த நாவலின் இரண்டாம் பாகம். நீதிபதி ஒருவர் முன்னுரை எழுதிய நூல். அட்டையில் படகுப் படம் போட்ட கதைப் புத்தகம். துணி அட்டை போட்டுத் தைத்த தொடர்கதை. இப்படியே போனது.

"சார், இது தலைப்பா, காணாமப் போனவங்க அங்க அடையாளமா?" என்றார் லூர்துராஜ். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சேர்ந்து சிரித்தார். மேடத்தின் பக்கம் பார்த்து ஒரு குனிவு குனிந்தார் பாருங்கள், எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது.

மூன்று நான்கு மாதத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டெல்லியில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பதே பாடு. அதில் படகு போட்ட அட்டைக்கு எங்கே போவது? நான் நீதிபதியிடமே தோற்றேன். மேடம் மட்டும் மாதாமாதம் தன் அலமாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, "கதை நல்லா இருந்தது, முடிவு கொஞ்சம் சோகம்" என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்டலைக் கலியமூர்த்தி சார் தொடங்கி வைப்பார்.

மேடத்தோடு கூடவே இன்னொருவரும் வந்துகொண்டிருந்தார். தமிழ்செல்வி அக்கா. கையில் புத்தகம் இருக்காது. எப்படி இருக்கும், எல்லாம்தான் எதிர் சொசைட்டி அலமாரியில் இருக்கிறதே! ஆனால் எழுந்து நின்று பேசினால் அந்தக் கதையின் மனுஷர்கள் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசியபோது, முதல் பாகத்தில் இன்னது நடந்ததால்தான் இவள் இப்படி ஆனாள் என்று சொன்னார். மேடமே, "அப்படியா?" என்று வாய்பிளந்து கேட்டார்.

கலியமூர்த்தி சாருக்கு இது உறைக்கவே பாதி வருஷமாயிற்று. புத்தகம் தன் வீட்டில்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பெண்டாட்டி படித்திருப்பாள் என்பது தோன்றவே இல்லை. மேடம் ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை, வீட்டில் இருப்பவளுக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவர் விழித்ததை அக்கா சொல்லிக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இனி அக்காவைத் தடுக்க ஆள் இல்லை என்று நினைத்தேன். மனுஷனைக் குறைவாக எடை போட்டுவிட்டேன்.

டிசம்பர் கூட்டம். வெளியே பனி. உள்ளே ஹீட்டரைச் சுற்றி எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டும் முடித்தவர்கள் இரண்டே பேர். யார் நன்றாகப் பேசினார் என்று கை தூக்கச் சொன்னால் போதும், தீர்ந்தது கதை. அக்கா நல்ல பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். கலியமூர்த்தி சார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"செயலாளரோட குடும்பத்தார் போட்டியில கலந்துக்கலாம். ஆனா பரிசுக்கு உரியவங்க ஆக மாட்டாங்க. அது விதி. நாளைக்கு யாரும் நம்மள ஒரு சொல் சொல்லிரக் கூடாதுல்ல?"

அப்படி ஒரு விதியை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் எழுந்து, "இது எப்ப போட்ட விதி சார்?" என்றேன். அதற்குள் பத்மநாபன் கைதட்டிவிட்டார். "இந்த நேர்மையைத்தான் நான் சர்வீஸ் பூராவும் கலியமூர்த்திகிட்ட பார்த்தேன்" என்றார். ஹாலே கைதட்டியது. சொந்தப் பெண்டாட்டியின் ஆசையின் கழுத்தை நெரித்தவனுக்கு நேர்மையாளன் பட்டம்! சீ என்று வாய்விட்டே சொன்னேன். கைதட்டல் ஒலியில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேடயத்தை வாங்கிய மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருஷத் தலைப்பு எல்லாம் நான் கொடுக்கணுமா? எனக்கு எங்க நேரம்! மிஸ்டர் கலியமூர்த்தி, நீங்களே பார்த்துப் போட்டுடுங்களேன்."

"அச்சா மேடம். டீக் ஹை மேடம்."

மறுநாள் சாம்பார் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழ்வீட்டுக்குப் போனேன். சார் மஃப்ளர் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஏம்மா, நீ ஏதோ தலைப்பு தலைப்புன்னு சொல்லிட்டிருந்தியே. ஒரு பன்னெண்டு எழுதிக் கொடு. மேடம் பேர்ல போட்டுருவோம். பேர்ல என்ன இருக்கு? கொஞ்சம் ஜல்தி, மேடம் பாக்கணும்பாங்க."

ஒரு மனிதர் இப்படியும் கேட்பாரா என்று நான் கிண்ணத்தோடு நின்றேன். சீழ் பிடித்த புண்ணைத் துடைத்தால் அடியில் சிவப்பாகச் சதை தெரியும். இந்த ஆளைத் துடைத்துக்கொண்டே போனால் அடியில் என்னதான் இருக்கும்?

அக்கா இட்லி ஊற்றிக்கொண்டே, "சரிங்க" என்றார்.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க்கா, நெசமாவே எழுதிக் குடுக்கப் போறியளா? ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"எழுதத்தானே சொல்றாரு டெல்பின். எழுதறேன்" என்றார். அவர் மீதும் எனக்கு அருவருப்பு வந்தது. ஒரு வாரம் கீழ்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் படியேறினேன்.

பொங்கல் முடிந்த ஞாயிறு, கூட்டத்தை மொட்டை மாடியில் வெயிலில் போட்டார்கள். நடுவில் வேர்க்கடலைத் தட்டு. நான் வரமாட்டேன் என்றதற்கு லூர்துராஜ் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கலியமூர்த்தி சார் தானே டைப் செய்த தாளை இரு கையாலும் மேடத்திடம் நீட்டினார்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஜனவரி மாதத் தலைப்பு. நம் செயலாளர் திரு. கலியமூர்த்தி அவர்கள் தம் வாழ்நாளில் மிகவும் விரும்பிப் படித்த நாவல். எது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்."

கைதட்டினார்கள். சார் கூச்சப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா இதைக் கடைசித் தலைப்பாகத்தான் எழுதினாராம். சார்தான் டைப் அடிக்கும்போது முதலுக்குக் கொண்டுவந்துவிட்டார். முகஸ்துதி செய்தே வாழ்ந்தவருக்குத் தன் பங்குக்கு ஒன்று கிடைத்ததும் தலைகால் புரியவில்லை.

"ரொம்பப் பொருத்தம். நானும் இதைத்தான் நினைச்சேன்" என்றார் மேடம். அவர் அந்தத் தாளை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறார்.

லூர்துராஜ் பேனாவை எடுத்தார். வெள்ளை மனசுக்காரர், சூது தெரியாது. "சொல்லுங்க சார், என்ன நாவல்? டெல்பின் அடுத்த வாரம் ஊருக்குப் போறா. வாங்கிட்டு வரச் சொல்லுதேன்."

"அது... நெறைய இருக்கு."

"ஒண்ணு சொன்னா போதும் சார். அதுதான தலைப்பு."

"அப்படித் திடீர்னு கேட்டா..." என்று இழுத்து, கடலைத் தட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க மிஸ்டர் கலியமூர்த்தி. எனக்கும் தெரியணும்" என்றார் மேடம்.

மேடம் கேட்டுவிட்டார். மேடத்திடம் இல்லை என்று சொல்லிச் சாருக்குப் பழக்கமில்லை. சாரின் கண் மனைவியைத் தேடியது. வீட்டில் எது மறந்துபோனாலும் இத்தனை வருஷமும் எடுத்துக் கொடுத்தது அக்காதான். அக்கா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அது பேரென்ன... நம்ம வீட்ல பச்சைத் துணி அட்டை போட்டு இருந்துச்சே..."

"அது எங்க வீட்டுலல்ல இருக்கு?" என்றார் மேடம், ஒன்றும் புரியாமல். "ஊர்லேர்ந்து எனக்குன்னு பைண்ட் பண்ணி வரவழைச்சேன்னீங்களே."

பத்மநாபன் கலியமூர்த்தியைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவர் கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை.

"எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க கையில புத்தகத்த நான் பாத்ததெல்லாம் மேடம் வீட்டுக்குக் கெளம்புறப்பதான். என் பேரு எழுதின மொத பக்கத்தக் கிழிப்பீங்கள்ல, அப்பயாவது ரெண்டாம் பக்கத்த ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?"

மேடத்தின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. தாளை மடித்துக் கீழே வைத்தார். மற்ற தலைப்புகளை அவர் வாசிக்கவில்லை. அக்காதான் எடுத்து வாசித்தார், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி.

அந்த வருஷம் எங்களில் பலர் பதினோரு தலைப்பு முடித்தோம். சார் கடைசிவரை நாவலின் பெயரைச் சொல்லவில்லை, அதனால் பன்னிரண்டை யாரும் முடிக்கவில்லை. ஜனவரித் தலைப்பை எடுத்துவிடலாமே என்று லூர்துராஜ் மார்ச்சில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கலியமூர்த்தி சார் ஆவலாக நிமிர்ந்தார்.

"அது விதிங்க" என்றார் தமிழ்செல்வி அக்கா. "நாளைக்கு யாரும் நம்மள ஒரு சொல் சொல்லிரக் கூடாதுல்ல?"